தட்டின் ஓரத்தில் உங்கள் கட்டைவிரல்

பாய்,

செவ்வாய்க்கிழமை காலை கல்பனா என்னைக் கூப்பிட்டுத் தன் திரையைக் காட்டினாள். அவள் அலுவலகத்துக்குப் புதிது. லால்குடியிலிருந்து ரயிலில் வந்து போகிறாள். நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. பழைய மீன் படங்களைச் சுத்தம் செய்து அடுக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தேன். "சார், எல்லாப் படத்துலயும் ஓரத்துல ஒரு கட்டைவிரல் வருது. யாரோட விரல் சார் இது? வெட்டிடட்டுமா?" என்று கேட்டாள்.

வெள்ளைத் தட்டு. அதில் ஒரு வஞ்சிரம். கீழே ஸ்டீல் ஸ்கேல். ஸ்கேலின் இடது முனையை அழுத்திப் பிடித்தபடி உங்கள் கட்டைவிரல். நகத்தின் நடுவே நெடுக ஓடும் அந்தப் பிளவு, வளைகுடாப் பக்கம் மீன்பிடிக் கப்பலில் வேலை செய்தபோது கயிறு சுற்றும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டதால் வந்தது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். கல்பனா அடுத்த படத்தைத் தள்ளினாள். பாறை மீன், அதே விரல். அடுத்தது நண்டு, அதே விரல். ஆயிரக்கணக்கான படங்கள், பாய். நம் இயந்திரம் மீன் என்றால் என்ன என்று உங்கள் விரலோடு சேர்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது.

"இப்போதைக்கு வெட்ட வேண்டாம்மா" என்றேன். யாருடைய விரல் என்று சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல எழுந்து போய்விட்டேன். சரியான நேரத்தில் எழுந்து போவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

நீங்கள் இறந்துபோய் எட்டு மாதமாகிறது. இனி உங்களிடம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் முழுவதையும் ஒருமுறை உங்களைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் முதல்முதலாக அலுவலகத்துக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. தில்லைநகரில் மருந்துக் கடைக்கு மேலே மாடியில் நான்கு மேசை. உங்களிடம் வேலையை விளக்கிச் சொன்னவன் நான்தான். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளில், மீனைக் கொட்டிப் பிரிக்கும் இடத்துக்கு மேலே ஒரு கேமரா இருக்கும். என்ன மீன், எவ்வளவு நீளம், எத்தனை பெட்டி என்று அதுவே பார்த்துப் பதிவு செய்து கரைக்கு அறிக்கை அனுப்பிவிடும். கையால் நோட்டில் எழுத வேண்டாம். அந்தக் கேமராவுக்கு மீன்களின் பெயரைக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காவிரியில தண்ணி வந்தாலே போட்டோ புடிச்சுப் போடுற ஊரு இது. இங்க உக்காந்துக்கிட்டு கடல் கணக்கு எழுதப் போறீங்களா?" என்று சிரித்தீர்கள். பதினோரு வருடம் கப்பல் மேல்தளத்தில் நின்று, கொட்டிய மீனைப் பிரித்து, பெயர் சொல்லிச் சொல்லி எழுத வைத்தவர் நீங்கள். பக்கத்தில் நோட்டோடு நிற்பவன் தப்பாக எழுதினால் அப்போதே பென்சிலைப் பிடுங்கித் திருத்தியவர்.

நானோ ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் பிறந்து வளர்ந்தவன். மீன் என்றால் எனக்கு ஒரு வடிவம், அவ்வளவுதான். வீட்டில் கணினியில் மீன் படங்களைத் திறந்துவைத்து வேலை பார்த்தால் அம்மா, "ஏண்டா, தளிகை பண்ற ஆத்துல இதென்னடா கோலம்? அந்தண்டை கொண்டு போய் வெச்சுண்டு பாரு" என்பாள். இதை உங்களிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அன்றிலிருந்து எனக்குச் "சாமி" என்று பெயர். உங்களைவிட நான்கைந்து வயதுதான் சின்னவன் நான். மற்றவர்கள் அப்படிக் கூப்பிட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். நீங்கள் கூப்பிட்டால் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை மீன் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போவீர்கள். உங்கள் மொபெட்டின் முன்பக்கம் வெள்ளைத் தட்டு, பின்னால் நான். முதல் நாள் வாசலிலேயே கைக்குட்டையை எடுத்துவிட்டேன். "சாமி, மூக்கைப் பொத்திக்கங்க, தப்பில்ல. கண்ணை மட்டும் மூடிராதீங்க" என்றீர்கள். கடைக்காரர் என்னை வாடிக்கையாளர் என்று நினைத்து விலை சொல்ல ஆரம்பித்தபோது, "இவரு வாங்க வரல அண்ணே, பேர் வெக்க வந்திருக்காரு" என்றீர்கள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், கைக்குட்டைக்குள்.

அங்கேதான் நீங்கள் எனக்குச் சங்கராவையும் நவரையையும் காட்டினீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டும் சிவப்பு, இரண்டும் கையளவு, ஐஸில் கிடந்து இரண்டும் வெளிறிப்போயிருந்தன. "பேரு சொல்றதுக்கு முன்னாடி தாடையைப் பாருங்க" என்று நவரையின் தாடையைத் திருப்பி, அடியில் மடிந்து கிடந்த இரண்டு மெல்லிய மீசைகளைப் பிளவுபட்ட நகத்தால் வெளியே இழுத்துக் காட்டினீர்கள். சங்கராவுக்கு அது கிடையாது. "பாய், படம் எடுக்கும்போது எல்லா நவரைக்கும் மீசை தெரியற மாதிரி வையுங்க. இல்லேன்னா எனக்கு வித்தியாசமே தெரியாது" என்று கேட்டுக்கொண்டேன். நீங்களும் அன்று முதல் ஒவ்வொரு நவரையையும் தட்டில் கிடத்தி, மீசையை நீவி, அழகாக இரண்டு பக்கமும் விரித்து வைத்தீர்கள். மாப்பிள்ளைக்கு மீசை ஒதுக்குவதுபோல இருக்கிறது என்று கேலி செய்தேன். இதை நான்தான் கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயர்ப் பட்டியலின் கடைசியில் "தெரியவில்லை" என்று ஒரு பொத்தான் வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். எங்கள் மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் இயந்திரத்தை யார் வாங்குவார்கள் என்றார். "தெரியலைன்னா தெரியலைன்னு எழுதணும் சார். ஏதோ ஒரு பேரைப் போட்டுட்டா அப்புறம் அதுதான் உண்மைன்னு ஆயிடும்" என்று நீங்கள் விடாமல் நின்றீர்கள். நான் உங்கள் பக்கம் பேசி அந்தப் பொத்தானை வைத்தேன். அது மட்டும் நான் ஒழுங்காகச் செய்த காரியம்.

பிறகு நாகப்பட்டினத்தில் இரண்டு படகுகளில் கேமரா ஏறியது. மீனை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனி எங்கள் அறிக்கையைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தது. படகிலிருந்து வரும் வீடியோவை இயந்திரம் பார்த்து ஒரு பெயர் சொல்லும். அதே வீடியோவை நீங்கள் தனியாகப் பார்த்து ஒரு பெயர் போடுவீர்கள். இரண்டும் நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களிலாவது ஒத்துப்போக வேண்டும். போனால் அந்தக் கம்பெனியோடு தொடர்புள்ள அத்தனை படகுகளுக்கும் நாம்தான் கேமரா வைப்போம்.

நான் அவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது வேறு ஒன்று. எங்கள் பதிவேட்டில் எதையும் அழிக்க முடியாது. கடலில் பதிவானதைக் கரையில் யாராவது திருத்தினால், பழையது கீழே அப்படியே இருக்கும், மேலே புதியது ஏறும், பக்கத்தில் திருத்தியவர் பெயரும் நேரமும் விழும். கள்ளத்தனம் செய்யவே வழியில்லை என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

அந்த வாரம் வந்த எண்கள் மோசம். நீங்கள்தான் காரணத்தைக் கண்டுபிடித்தீர்கள். வியாழக்கிழமை மாலை என் மேசைக்கு வந்து நின்று, "சாமி, தப்பு நம்மகிட்டத்தான். உசுரோட கொட்டுற நவரைக்கு மீசை தாடைக்கு அடியில மடிஞ்சிருக்கும். மேல இருக்கிற கேமராவுக்கு அது எங்க தெரியும்? நாமதான் இழுத்து இழுத்து வெச்சுப் படம் புடிச்சுட்டோம். மீசை தெரிஞ்சாத்தான் நவரைன்னு அது புரிஞ்சுக்கிட்டு, பூராத்தையும் சங்கரான்னு சொல்லுது" என்றீர்கள். சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. பக்கவாட்டில் தாழ்வாக இன்னொரு கேமரா வைத்தால் சரியாகிவிடும், ஒரு மாதம் தள்ளிக் கேளுங்கள் என்றீர்கள். நான் தலையாட்டினேன்.

மேனேஜரிடம் நான் அதைச் சொல்லவில்லை. ஒரு மாதம் தள்ளிக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. நாளை இரண்டு மணிக்கு அறிக்கை போகும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கு நீங்கள் தொப்பியைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு, "தொழுதுட்டு வந்துர்றேன் சாமி" என்று கிளம்பினீர்கள். ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான். இரண்டு மணிக்குத் திரும்புவீர்கள். உங்கள் மேசையில் யாரும் இல்லை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

உங்கள் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. முன்பு நீங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வேலை நின்றுவிடக் கூடாதென்று பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தது. உங்கள் மூத்த மகள் பெயரும் ஓர் எண்ணும். "என் மக பேருதான், மறக்க மாட்டீங்க" என்றீர்கள். மறக்கவில்லை. நஸீமா என்று அடித்தேன். நீங்கள் நவரை என்று போட்டிருந்த இடங்களில் போதுமானவற்றை எடுத்துச் சங்கரா என்று மாற்றினேன். இயந்திரத்தை உங்களோடு ஒத்துப்போக வைக்கத் தெரியாதவன், உங்களை இயந்திரத்தோடு ஒத்துப்போக வைத்தேன். மணி ஒன்று பத்து. தொண்ணூறைத் தாண்டியது. அறிக்கை போனது. இரண்டு மணிக்கு நீங்கள் வந்து, "சாப்டீங்களா சாமி?" என்று கேட்டீர்கள். சாப்பிட்டேன் என்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

அடுத்த வாரம் நாகப்பட்டினத்தில் படகு கரைக்கு வந்து பெட்டிகளைத் திறந்தார்கள். அறிக்கையில் சங்கரா. பெட்டியில் நவரை. வாங்குகிறவர்களுக்கு முதலில் வந்த சந்தேகம் படகை ஓட்டி வந்த டிரைவர் மேல்தான். விலை கூடுதலான சங்கராவைக் கடலிலேயே வேறு யாருக்கோ மாற்றிக் கொடுத்துவிட்டு, அதன் இடத்தில் நவரையைப் போட்டு வந்திருக்கிறான் என்று பேச்சு கிளம்பியது. அந்த மனிதர் போனில் நம் அலுவலகத்தைக் கூப்பிட்டு அழுததை நீங்கள்தான் கேட்டீர்கள். "புள்ளை மேல சத்தியமா சொல்றேன் பாய், வந்ததைத்தான் ஏத்தினேன். இனிமே எனக்கு யாரு படகு குடுப்பா?" என்று அவர் சொன்னதை நீங்கள் அப்படியே எங்களிடம் சொன்னீர்கள்.

மேனேஜர் அலுவலகத்தில் இருந்த எல்லோரையும் உட்கார வைத்துப் பதிவேட்டைத் திறந்தார். கீழே உங்கள் பழைய பதிவு, நவரை. மேலே திருத்தம், சங்கரா. திருத்தியவர் பெயர், உங்களுடையது. "பாய், முதல்ல சரியாத்தான் போட்டிருக்கீங்க. அப்புறம் ஏன் மாத்துனீங்க?" என்று கேட்டார்.

நீங்கள் படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தீர்கள். உங்கள் பார்வை எங்கே போய் நின்றது என்று நான் பார்த்தேன். நேரம் எழுதியிருந்த கட்டத்தில் நின்றது. வெள்ளி, ஒன்று பத்து. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் ஒருவேளை நான் உளறியிருப்பேன். நீங்கள் காத்திருப்பதுபோலப் பார்த்தீர்கள். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு நினைவில்ல சார். நாளைக்கு யோசிச்சுச் சொல்றேன்" என்றீர்கள்.

அந்த ஒரு நாள் எனக்காகக் கொடுத்தது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மறுநாள் காலை எனக்குக் காய்ச்சல் என்று மேனேஜருக்குச் செய்தி அனுப்பிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டேன். அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்லையேடா" என்றாள்.

நான் இல்லாத அந்த அறையில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று பிறகு மேனேஜர் சொல்லித்தான் தெரிந்தது. "இன்னொரு தடவ பார்க்கும்போது என் கண்ணு தடுமாறியிருக்கும் சார். டிரைவர் மேல தப்பில்ல, அவர விட்டுருங்க" என்று சொல்லியிருக்கிறீர்கள். 'நான் மாற்றவில்லை' என்று நீங்கள் சொல்லி, நானும் வாயைத் திறக்காமல் இருந்தால், சந்தேகம் மறுபடியும் அந்த டிரைவர் தலையில்தான் போய் விழும். நீங்களும் அதே மேல்தளத்தில் நின்றவர். அதனால் உங்கள் கண்ணைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். கண்தான் உங்கள் தொழில். கண் தடுமாறுகிறவருக்கு அங்கே என்ன வேலை? அந்த வாரத்தோடு உங்களை அனுப்பிவிட்டார்கள். டிரைவர் கையைவிட்டுப் படகு போகவில்லை. பக்கவாட்டுக் கேமரா வந்தது, நவரை நவரையானது, எங்களுக்கு ஒப்பந்தமும் கிடைத்தது. எனக்குப் பதவி உயர்வு. இதையெல்லாம் எழுதும்போது காது சுடுகிறது, பாய்.

அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை உங்களைப் பார்த்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில், கையில் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தீர்கள். என்னை நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள். நான் பார்த்திருந்தால் அந்தப் பக்கமாகப் போயிருப்பேன். "சாமி! அம்மா சௌக்கியமா?" என்றீர்கள். என்ன பேசுவதென்று தெரியாமல், "வண்டி எங்க பாய்? பஸ்ல போறீங்க?" என்று கேட்டேன்.

"பஸ்ல போனா வேடிக்கை பார்க்கலாம்ல" என்று சிரித்தீர்கள். பிறகு கொஞ்சம் தயங்கி, "சைடுல கேமரா வெச்சாங்களா?" என்றீர்கள்.

"வெச்சாச்சு பாய்."

"அப்ப மீசை தெரியும்" என்றீர்கள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. யாருடைய வேலையோ நன்றாக முடிந்ததுபோல அவ்வளவு சந்தோஷம். நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன் என்று வேண்டுமானால் இப்போது எழுதலாம், படிக்கிறவர்கள் நம்புவார்கள். எடுக்கவில்லை. பாலக்கரை பஸ் வந்தது. "அப்புறம் பேசலாம் பாய்" என்றேன். "போயிட்டு வரேன் சாமி" என்று ஏறினீர்கள்.

நீங்கள் மாரடைப்பில் போன செய்தி எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் வந்தது. பாலக்கரை வீட்டுக்கு வந்தேன். உங்கள் வீட்டம்மா, கணவனை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருந்ததால் உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்கள். நஸீமா டீ கொண்டுவந்து வைத்தாள். உங்கள் முகம்தான் அவளுக்கு. "சாமின்னு உங்களைப் பத்தி அடிக்கடி சொல்லுவாங்க. அந்த ஆபீஸ் பக்கமிருந்து யாரு வந்தாலும் சாமி நல்லா இருக்காரான்னுதான் முதல்ல கேப்பாங்க" என்றது திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல். "கண்ணு மங்கிப்போச்சுன்னு வேலைய விட்டதுலேருந்து கொஞ்சம் ஒடுங்கித்தான் போயிட்டாங்க. நஸீமா வண்டியத் தொடவே விடல."

"எப்படிம்மா விடுறது? மெயின் ரோட்டுல லாரி வருது. அத்தாவுக்குக் கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சும் சாவியக் குடுத்துட்டு நான் வீட்டுல நிம்மதியா இருக்க முடியுமா?" என்றாள் நஸீமா.

பஸ் ஸ்டாண்டில் நீங்கள் சொன்ன வேடிக்கை எனக்கு அப்போதுதான் புரிந்தது. அரை ஃபர்லாங் தூரத்தில் வரும் பஸ்ஸின் எண்ணைக் கண்ணாடி இல்லாமல் படிக்கும் மனிதர் நீங்கள். மகளின் மனசு கலங்கக் கூடாதென்று, சொன்ன பொய்க்கு ஒத்தாசையாகச் சாவியைக் கொடுத்துவிட்டு மூன்று வருடம் பஸ்ஸில் போயிருக்கிறீர்கள். நான் அந்த டீயை முழுவதும் குடித்தேன். ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னேன். கிளம்பி வந்துவிட்டேன். நீங்கள் இறந்த பிறகும்கூட நான் எழுந்துதான் போனேன்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது கல்பனா இன்னும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம் சார், நகம் பிளந்திருக்கு" என்றாள். முன்பின் தெரியாத ஒருவரின் விரலைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னது எனக்கு எப்படியோ ஆகிவிட்டது. அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பழைய வெள்ளிக்கிழமைப் பதிவேட்டைத் திறந்தேன். நான் பெருமையடித்துக்கொண்டது சரிதான், பாய். எதுவும் அழியவில்லை. கீழே நவரை, மேலே சங்கரா, உங்கள் பெயர், ஒன்று பத்து. அதற்கும் மேலே புதிதாக ஒரு திருத்தம் போட்டேன், என் பெயரில். காரணம் என்ற கட்டத்தில், "முதல் பதிவே சரி. மாற்றியது நான். அந்த நேரத்தில் அவர் பள்ளிவாசலில் இருந்தார்" என்று எழுதினேன். திருத்தத்தை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது ஏறும். கல்பனா இரண்டு முறை படித்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே பொத்தானை அழுத்தினாள். மேனேஜருக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

மாலை நேராகப் பாலக்கரைக்கு வந்தேன். இத்தா முடிந்துவிட்டதால் உங்கள் வீட்டம்மா இந்த முறை எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் வேறு எதையாவது பேசிவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்று பயமாக இருந்தது. பாஸ்வேர்டு, அறிக்கை, டிரைவர், காய்ச்சல், எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, கடைசிவரை இருந்திருக்காது என்று சொன்னேன்.

நஸீமாதான் முதலில் பேசினாள். "எந்தக் கிழமை மாத்துனீங்க?"

"வெள்ளிக்கிழமை. ஒண்ணு பத்துக்கு."

"அந்த நேரம் அத்தா பள்ளியில இருப்பாங்களே" என்றாள் சட்டென்று. அலுவலகத்தில் அத்தனை பேர் அந்தத் திரையைப் பார்த்தோம். நம் இருவரைத் தவிர ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பிறகு அவள் முகம் மாறியது. "அப்ப நான் எதுக்கு சாவிய வாங்கி வெச்சேன்?" என்றாள். என்னைக் கேட்கவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்துக் கேட்டாள். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டால் கனம் குறையும் என்று நினைத்து வந்தேன், பாய். அவள் தலையில் பாதியை இறக்கி வைத்துவிட்டேன். இனி மன்னிப்புக் கேட்க அவளுக்கும் அத்தா இல்லை.

உங்கள் வீட்டம்மா எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். பிறகு, "நீங்கதான் செஞ்சீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

"தெரியும். அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா, சாமி நல்லா இருக்காரான்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க?"

அவர்கள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டார்கள். டீ வரவில்லை. வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். கும்பிட்டுவிட்டு இறங்கினேன். மாடிப்படிக்குக் கீழே உங்கள் மொபெட் நின்றது. மூன்று வருடத்துக்கும் மேலாக ஓடாத வண்டி, இருக்கையில் தூசி இல்லை. யாரோ தினமும் துடைக்கிறார்கள்.

அந்தக் கேள்வியோடுதான் காவிரிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்தேன். இன்றும் அதைச் சுமந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் என்னைப் பற்றிக் கேட்டீர்களாமே, அதற்கு யாரும் உங்களுக்குச் சரியான பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே சொல்கிறேன். நன்றாகத்தான் இருந்தேன், பாய். இத்தனை நாளும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நன்றாகத்தான் இருந்தேன். அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.